மூக்குக்குக் கீழே ஓர் ஊர்

என் அம்மாவுக்குத் தெலுங்கு எப்படி வந்தது என்பதை அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டுப் பெண். பத்தொன்பது வயதில் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தபோது ஒரு சொல் தெலுங்கு தெரியாது. புகுந்த வீட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசினார்கள். ஆனால் புது மருமகள் காதில் விழக்கூடாத விஷயம் என்றால் மாமியாரும் நாத்தனாரும் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள்.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு பேசறாங்கன்னா அதுல இன்னாமோ இருக்குதுன்னுதானே அர்த்தம். அதான் கத்துகினேன்" என்பாள் அம்மா. ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டாள். அடுத்த ஆறு மாதம் தெரியாதது போலவே இருந்தாள்.

முப்பது வருடத்துக்கு மேல் அவள் பால்வாடி டீச்சராக இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் மலையடிவாரத் தெருக்களில் எல்லாருக்கும் அவள் டீச்சரம்மாதான். அவள் இறந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைப் பெரிய சேவை மனம் கொண்டவள் என்று பேசினார்கள். அது பொய்யில்லை. ஆனால் வீட்டில் நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு. ஊர்வம்பு என்போம்.

அரக்கோணம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், வண்டி கிளம்பி முதல் ஸ்டேஷன் வருவதற்குள் எந்த ஊர் என்று கேட்டுவிடுவாள். அடுத்த ஸ்டேஷனுக்குள் எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். அதற்கும் அடுத்தது வருவதற்குள், "மூஞ்சி ஏன் இப்பிடி வாடிக் கெடக்குது?" என்று கேட்டிருப்பாள். கல்லூரியில் படித்த காலத்தில் நான் வேண்டுமென்றே வேறு பெட்டியில் ஏறியிருக்கிறேன். "ஏம்மா இப்பிடி மானத்த வாங்கற?" என்றால், "கேட்டா இன்னா தப்பு? சொல்ல இஷ்டம் இல்லன்னா சொல்லமாட்டாங்க, அவ்ளோதானே" என்பாள். வினோதம் என்னவென்றால், பெரும்பாலும் எல்லாரும் சொன்னார்கள்.

அந்தக் கேள்விகளால் நடந்த நல்லதுகளும் உண்டு. பால்வாடிக்கு ஒரே ஒரு சந்துப் பிள்ளைகள் மட்டும் செவ்வாய்க்கிழமைதோறும் தாமதமாக வருவதை ஒருமுறை கவனித்தாள். திட்டவில்லை; ஏன் என்று போய்ப் பார்த்தாள். அந்தச் சந்துக்கு வாரத்தில் ஒரே நாள், செவ்வாய்க்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வந்தது. தாய்மார்கள் எல்லாரும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட ஆளில்லை. அம்மா நகராட்சிக்கு நடையாய் நடந்து அந்தச் சந்துக்கு இரண்டாவது குழாய் வாங்கிக் கொடுத்தாள். கேட்டால், "பசங்க ஏன் லேட்டுன்னு பாக்கப் போனேன், வேற ஒன்னும் இல்ல" என்பாள். அவளுக்கு உதவி என்பது இரண்டாவதாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். முதலில் வந்தது தெரிந்துகொள்கிற ஆசை.

இந்த இரண்டும் எப்படி ஒன்றாயின என்று நான் நேரில் பார்த்தது ஓர் ஆடிக் கிருத்திகை முடிந்த வாரத்தில். அப்போது நான் அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு வெளிமாநிலத்தில் வேலை. நானும் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகளும் அம்மாவோடு இருந்தோம்.

கிருத்திகை நாட்களில் எங்கள் ஊரில் கால் வைக்க இடமிருக்காது. காவடியோடு வருகிறவர்களில் ஆந்திரத்துக்காரர்கள் நிறையப் பேர். கூட்டத்தில் குழந்தைகள் தொலைவதும் கிடைப்பதும் வழக்கம்தான். மொட்டையடித்துச் சந்தனம் பூசிவிட்டால் எல்லாக் குழந்தையும் ஒரே குழந்தையாகிவிடும். ஒருவர் தன் பிள்ளை என்று நினைத்து இன்னொருவர் பிள்ளையைக் குளத்தங்கரையிலிருந்து தூக்கிக்கொண்டு படியேறி, பாதி மலையில் அது தெலுங்கில் அழுததைக் கேட்டுத் திரும்பி வந்த கதையை அம்மா சொல்வாள்.

அந்த வருடம் கூட்டமெல்லாம் கலைந்து மூன்று நாளாகிவிட்டது. அம்மா காலையில் காய்கறி வாங்கப் போனவள் மதியம் ஒரு மூதாட்டியைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். எண்பது வயதுக்கு மேலிருக்கும். தலை மொட்டை, காய்ந்து வெடித்த சந்தனம். தோளில் ஒரு மஞ்சள் பை. அதில் விபூதிப் பொட்டலம், ஒரு தேங்காய் மூடி, ஒரு மாற்றுப் புடவை, அவ்வளவுதான். போன் இல்லை, சீட்டு இல்லை, முகவரி இல்லை.

அன்று சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. "யாரும்மா இது?" என்றேன்.

"தெரியல. காலையில பஸ் ஸ்டாண்டு வழியா போகும்போது உக்காந்துகினு இருந்தாங்க. திரும்பி வரும்போதும் அதே எடத்துல. பஸ்ஸுக்குக் காத்துகினு இருக்கறவங்க பஸ் வந்தா தலையத் தூக்கிப் பாப்பாங்க. இவங்க பாக்கல. அதான் பக்கத்துல போய் உக்காந்தேன்."

"போலீஸ்ல சொல்ல வேணாமா?"

"அங்கதான் மொதல்ல போனேன்."

ஸ்டேஷனில் இருந்த பெண் ஏட்டு எல்லாம் எழுதிக்கொண்டு, காணாமல் போனவர் பட்டியலையும் பார்த்திருக்கிறார். பொருத்தமாக யாரும் இல்லை. முதியோர் இல்லத்துக்கு அனுப்பலாம் என்றிருக்கிறார். அம்மா, வீட்டார் கிடைக்கும்வரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்து வந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. யாரென்றே தெரியாதவர், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள் என்றெல்லாம் சொன்னேன். அம்மா அந்த அம்மாளின் தலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றது எல்லாம் நெசந்தான். ஆனா இவங்க எந்த ஊருன்னு உனக்குத் தெரிஞ்சிக்கணும்னு தோணலயா?" என்றாள்.

அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த மூதாட்டி அதிகம் பேசவில்லை. பேசிய கொஞ்சமும் தெலுங்கு. பெயர் கேட்டால் சிரிப்பார். அம்மா அவரைப் பெத்தம்மா என்று கூப்பிட்டாள். பெரியம்மா என்று பொருள். "ஏ ஊரு?" என்று கேட்டால் மட்டும் ஒரு பதில் வரும். வலது கை விரலால் தன் மூக்கைத் தொட்டு, "முக்கு கிந்த" என்பார். மூக்குக்குக் கீழே.

இதைக் கேட்டு எங்கள் தெருவே குழம்பியது. மூக்குத்தி விழுந்துவிட்டது, அதைத்தான் தேடுகிறார் என்றாள் எதிர்வீட்டுப் பெண். மூக்கில் துளை இருந்தது, மூக்குத்தி இல்லை என்பதும் உண்மைதான். பஸ் நிலையத்தில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைக்கூட இரண்டு பேர் போய்த் தேடிப் பார்த்தார்கள். மூக்கில் வலி இருக்குமோ என்று அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, மூக்கு நன்றாக இருக்கிறது, மறதி நோய் இருக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மூக்குக்குக் கீழே வாய்தானே, பசிக்கிறது என்கிறாரோ என்று என் மகள் சொன்னாள். ஆனால் சாப்பிட்ட பிறகும் அதே பதில்தான்.

மகள் அவரைப் படமெடுத்து எத்தனையோ வாட்ஸாப் குழுக்களில் போட்டாள். கும்பிடும் கைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஒருவர் திருவண்ணாமலையில் பார்த்தேன் என்றார், இன்னொருவர் காஞ்சிபுரத்தில் பார்த்தேன் என்றார். பிரயோசனமாக ஒன்றும் வரவில்லை.

அம்மா வேறு மாதிரி தேடினாள். எந்த ஊர் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதில் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டாள். உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள். கோழி உண்டா. மழை வந்தால் எந்தச் சுவரில் சாரல் அடிக்கும். பெத்தம்மாவுக்கு ஊர்ப் பெயர் போய்விட்டிருந்தது, ஆனால் ஊர் போகவில்லை. சாரல் அடிக்கிற சுவரைக் கையால் காட்டினார், எங்கள் வீட்டுச் சுவரையே அந்தச் சுவராக நினைத்துக்கொண்டு. அம்மா கேழ்வரகுக் களி கிண்டிக் கொடுத்தபோது தட்டைப் பார்த்துவிட்டு, "சங்கடி" என்றார். அன்று சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக அம்மா வாசலிலேயே சொன்னாள்:

"சங்கடின்னாங்க. அது சித்தூர் பக்கத்துப் பேச்சு. ரொம்ப தூரத்து ஆளு கெடையாது."

அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு முதல்முறையாகக் கொஞ்சம் ஆவல் பிறந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "வேற இன்னா சொன்னாங்க?" என்று நானே கேட்டேன்.

ஐந்தாம் நாள் அம்மா கேட்ட கேள்வி, உங்கள் ஊரில் பொழுது எந்தப் பக்கம் விடியும் என்பது. பெத்தம்மா கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார். "பொத்து முக்கு வெனக புடுதுந்தி." சூரியன் மூக்குக்குப் பின்னால் பிறக்கும்.

மனிதர் மூக்குக்குப் பின்னால் சூரியன் எப்படிப் பிறக்கும். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பஸ் நிலையத்துக்குப் போனாள். திருப்பதி பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டரிடம், "உங்க வழியில மூக்கு மாதிரி மலை எதனா இருக்குதாப்பா?" என்று கேட்டாள்.

அவர், "இன்னாம்மா இப்பிடிக் கேக்கறீங்க? நகரி தாண்டுனதும் வலது பக்கம் பாருங்க, நல்லாப் படுத்திருக்கற ஆளோட மூக்கு மாதிரியே இருக்கும். முக்கு கொண்டன்னுதான் சொல்லுவாங்க" என்றாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வழியில் எத்தனை முறை திருப்பதி போயிருப்பாள். ஒரு நாளும் ஜன்னல் வழியே பார்த்ததில்லை. "பக்கத்துல உக்காந்து இருக்கறவங்ககிட்ட பேசிகினே போயிருப்பேன், மலைய எங்க பாத்தேன்" என்றாள். நகரி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் இருந்தால் அதிகம்.

பெண் ஏட்டிடம் சொன்னோம். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டேஷனுக்குப் போன் செய்து கேட்டார். அங்கும் இப்படி ஒருவரைக் காணோம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. "நீங்க கூட்டினு போய்ப் பாருங்க டீச்சரம்மா, ஊரு தெரிஞ்சா எனக்கு ஒரு போன் போடுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை நான், அம்மா, பெத்தம்மா மூவரும் பஸ் ஏறினோம். மகள் படிக்க வேண்டுமென்று வீட்டில் இருந்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கால் மணிக்கு ஒருமுறை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நகரியில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எந்த ஊர் என்றார் டிரைவர். அம்மா தெலுங்கில், "அந்த மலை எங்கிருந்து பார்த்தால் சரியாக மூக்கு மாதிரி தெரியும், சூரியன் அதன் பின்னால் உதிக்க வேண்டும், அந்த ஊருக்குப் போக வேண்டும்" என்றாள். நான் பழைய பழக்கத்தில் வெளியே பார்க்கத் திரும்பினேன். ஆனால் ஆட்டோவில் இருந்த நான்கைந்து பேரும் அதை ஒரு நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள். உடனே வாதம் கிளம்பிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால்தான் மூக்கு, உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் வெறும் ஆமை என்றார் ஒரு பெரியவர். பூக்கூடை வைத்திருந்த பெண், பள்ளிக்கூடத்துப் பக்கம் நின்று பார்த்தால் மூக்கோடு நெற்றியும் சேர்ந்து தெரியும் என்றாள். டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் பார்க்கச் சொன்னார்.

நான் அந்த மலையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வண்டி போகப் போக அது மாறிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் சும்மா பாறை. ஓரிடத்தில் முழங்கை. பெத்தம்மா எதையும் பார்க்கவில்லை. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழுந்தார். முதல் ஊரில் இறங்கி நின்றோம், அவர் முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது ஊரில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம், அங்கும் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. எனக்கு நம்பிக்கை குறைந்தது. அம்மாவுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த வீட்டுக்காரியிடம் அவள் கோழிக்கு என்ன தீனி போடுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஊருக்குள் ஆட்டோ திரும்பியதும் பெத்தம்மா கண் விழித்தார். வண்டி நிற்பதற்குள் காலை வெளியே வைத்துவிட்டார். நான் பிடிப்பதற்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தார். எட்டு நாளாக எங்கள் வீட்டில் சுவரைப் பிடித்து நடந்தவர் எங்களைவிட வேகமாக நடந்தார். ஓர் அடிபம்பைத் தாண்டி, ஒரு சந்தில் திரும்பி, பாதி திறந்திருந்த ஒரு மரக்கதவின் முன் நின்றார். உள்ளே தலை நீட்டியிருந்த ஓர் ஆட்டை விரட்டிவிட்டு, கதவைத் திறந்துபோட்டது யார் என்று சத்தமாகத் திட்டினார். அவர் குரல் அவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். சந்தின் கோடியில், கூரைகளுக்கு மேலே, யாரோ மல்லாந்து படுத்திருப்பது போல மலை. அப்பழுக்கில்லாத மூக்கு.

உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். மருமகள். மொட்டைத் தலையைப் பார்த்து யாரோ என்று ஒரு கணம் நின்றாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.

நடந்தது இதுதான். கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் பெத்தம்மா, "கொண்டக்கு போத்தா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். மலைக்குப் போகிறேன். எப்போதும் சொல்வதுதான் என்று மருமகள் கவனிக்கவில்லை. அந்த ஊரில் மலை என்றால் திருமலை. காணவில்லை என்றதும் மகன் நேரே திருப்பதிக்கு ஓடினார், புகாரும் அங்கேதான் கொடுத்தார். பதினொரு நாளாக அங்கேயே சத்திரம் சத்திரமாகத் தேடிக்கொண்டிருந்தார். பெத்தம்மா பிறந்த ஊர் திருத்தணிக்குப் பக்கம் என்பதும், அவர் சின்ன வயதில் மலை என்று சொன்னது எங்கள் மலையை என்பதும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. என் மகள் போட்ட படம்கூட மருமகளின் போனுக்கு வந்திருக்கிறது. மொட்டையும் சந்தனமுமாக இருந்ததால், பாவம் யார் வீட்டுக் கிழவியோ என்று அவளும் நான்கு பேருக்கு அனுப்பியிருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் அதிகம் அழுதாள்.

மகனுக்குப் போன் போட்டார்கள். அவர் வர மதியமாகும். ஏட்டம்மாவுக்கும் சொல்லியாயிற்று. கிளம்பலாம் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கிளம்புகிற மாதிரி இல்லை. பெத்தம்மா எங்கே படுப்பார் என்று கேட்டு அந்த இடத்தைப் பார்த்தாள். பாயைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் என்ன கொடுப்பீர்கள், மாத்திரை உண்டா, குளியலறைக்குப் போக யார் துணை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருமகள் ஒளிக்காமல் சொன்னாள். களைப்பாக இருந்தது அவள் குரல், கெட்ட குரலில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் இந்த முறை வெளியே பார்த்துத் திரும்பிக்கொள்ளவில்லை. இந்தக் கேள்விகளை யாராவது கேட்கத்தான் வேண்டும் என்று புரிந்தது.

கடைசியில் அம்மா பெத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "இக்கட உண்டாவா, நாத்தோ வஸ்தாவா?" இங்கே இருக்கிறீர்களா, என்னோடு வருகிறீர்களா.

பெத்தம்மா அவளைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்து, "எனுமு ஈனிந்தா?" என்று கேட்டார். எருமை கன்று போட்டுவிட்டதா.

"ஈனிந்தி அத்தா. ஆட தூட" என்றாள் மருமகள். போட்டுவிட்டது, பெண் கன்று.

பெத்தம்மா எழுந்து கொட்டகைப் பக்கம் போனார். அம்மா என்னிடம், "வா, போலாம்" என்றாள்.

ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனோம். பெத்தம்மாவுக்கு முடி குட்டையாக வெள்ளையாக வளர்ந்திருந்தது. எங்களை அடையாளம் தெரியவில்லை. யாரோ வழிப்போக்கர் என்று நினைத்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "மீதி ஏ ஊரு?" என்று கேட்டார், உங்களுக்கு எந்த ஊர். எனக்கு மனசுக்குச் சங்கடமாக இருந்தது. அம்மாவுக்கோ அப்படியொரு சந்தோஷம். சேலையை ஒதுக்கிச் சரியாக உட்கார்ந்துகொண்டு, பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள்.

அடுத்த வருடக் கிருத்திகைக்கு அம்மா தெருமுனையில் ஒரு மேசை போட்டாள். தெருப்பெண்கள் நான்கு பேர் மார்க்கர் பேனாவோடு உட்கார்ந்து, மலை ஏறப் போகிற குழந்தைகள், வயதானவர்கள் முன்கையில் வீட்டுப் போன் நம்பரை எழுதிவிட்டார்கள். மூன்று வருடம் நடந்தது. பிறகு போலீஸாரே குழந்தைகளுக்குக் கையில் பட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அம்மா போய் அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்ல வேலை. ஆனா சந்தனமும் வேர்வையும் பட்டா எழுத்து நிக்குமான்னு கேட்டேன். நிக்குமாம்" என்றாள். மேசையை மடக்கி உள்ளே வைத்தாள். ஒரு வருத்தமும் இல்லை.

போன பங்குனியில் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. என் மகள் அப்போது சென்னையில் வேலையில் இருந்தாள். பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுவாள்; அவ்வாவுடன் முந்தின நாள்தான் பேசினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெத்தம்மாவின் மகன் வந்தார். நாங்கள் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"வியாழக்கெழம போன் வரல அக்கா. எங்கம்மா ஒன்னும் கேக்கல, அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சி. நானே போன் பண்ணேன், பக்கத்து வீட்டுக்காரங்க எடுத்துச் சொன்னாங்க."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். இந்த ஆறு வருடமாக அம்மா ஒவ்வொரு வியாழக்கிழமை காலையிலும், நான் ரயிலில் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில், பெத்தம்மாவுக்குப் போன் செய்து பேசியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்தம்மா யார் என்று கேட்பாராம். ஒவ்வொரு முறையும் அம்மா, திருத்தணியிலிருந்து பேசுகிறேன், பால்வாடி டீச்சர் என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாளாம்.

"அரை மணி நேரம் பேசுவாங்க. அம்மாவுக்குக் காது சரியா கேக்காது, நான் ஸ்பீக்கர்ல போட்டுக் குடுப்பேன். அதனால எல்லாம் என் காதுலயும் விழும்."

"இன்னா பேசுவாங்க?"

"எங்கம்மா கேப்பாங்க, எத்தினி பசங்கன்னு. டீச்சரம்மா ரெண்டுன்னு சொல்லுவாங்க."

நான் அவரைப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்துபோனது தெரியும். அவ்வளவுதான் தெரியும். ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"பொண்ணு அக்கா" என்றார் அவர் தயங்கி. "பதினோரு மாசம் இருந்திச்சாம். கீழ ரெண்டு பல்லு மொளச்சி இருந்திச்சாம். கட்டிலப் புடிச்சிகினு நிக்குமாம், நடக்கல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியாது என்றேன். வேறு என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவர் ஞாபகப்படுத்திச் சொன்னார். நிறம் யாரைப் போல, என்ன சொல்லிக் கூப்பிடும், எந்தச் சத்தம் கேட்டால் சிரிக்கும். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே நகரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அடுத்த பஸ் முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது என்று சொல்லி, அவரை உட்காரவைத்துவிட்டுக் காபி போட உள்ளே போனேன்.